தாய் ஏன் பேயானாள்?
உலக நாட்டுக்கதைகளில் ஓர் ஒப்புநோக்கு



நம் சங்கத்தில் ஞாயிறுதோறும் நடைபெறும் தமிழ் வகுப்பில் ஒரு நாள் மழை காரணமாகப் பிள்ளைகளின் வருகை குறைவாக இருந்தது. பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "இன்று ஆளுக்கொரு பேய்க் கதை சொல்லுங்கள், ஆனால் தமிழில்தான் சொல்ல வேண்டும்" என்றேன். தமிழில் நான்கு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசத் தயங்கும் பிள்ளைகள்கூட அன்று போட்டி போட்டுக்கொண்டு பேசினார்கள். பேய்க்கு உள்ள மதிப்பு அப்படிப்பட்டது.

ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி 'சுடைல்' கதையைச் சொன்னாள். அவர்கள் குடியிருப்புப் பூங்காவில் ஓர் அரசமரம் இருக்கிறதாம். இரவில் அதன் கீழ் வெள்ளைப் புடவை கட்டிய பெண் நிற்பாளாம். "அவளுக்குப் பாதம் மட்டும் பின்பக்கமா திரும்பி இருக்கும் டீச்சர். காவல்காரர் பார்த்திருக்காராம்" என்றாள். பேத்தியை அழைத்து வந்து பின் வரிசையில் அமர்ந்திருந்த பாட்டி ஒருவர், "அது பிள்ளைத்தாய்ச்சியா செத்துப்போனவளா இருக்கும்டி கண்ணு. எங்க ஊர்லயும் உண்டு. ஆனா எங்க ஊர்ப் பேய்க்குக் காலே கிடையாது" என்றார். எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிறுமி மட்டும் சிரிக்கவில்லை. "குழந்தை பெறும்போது செத்துப்போனா அவ பாவம்தானே பாட்டி? அவ ஏன் பேயாகணும்?" என்று கேட்டாள்.

பாட்டிக்கும் விடை தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

வடநாட்டுச் சுடைல்

நாம் வாழும் வட இந்தியாவில் தொடங்குவோம். சுடைல் என்னும் நம்பிக்கை வட இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பரவலாக உள்ளது. கருவுற்றிருக்கும்போதோ, பிரசவத்திலோ, பிரசவத்துக்குப் பின் தீட்டு நாட்களிலோ இறந்த பெண்ணே சுடைலாகிறாள் என்பது மக்கள் நம்பிக்கை. ஆங்கிலேய ஆட்சியில் அதிகாரியாகப் பணியாற்றிய வில்லியம் குரூக் என்பவர் 1890களில் வட இந்திய மக்களின் சமய நம்பிக்கைகளைத் தொகுத்து வெளியிட்ட நூலில் சுடைலைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங்கும் 1888இல் வெளியான ஒரு கதையில், பிரசவத்தில் இறந்த இந்தப் பெண்களையும் அவர்களது திரும்பிய பாதங்களையும் குறிப்பிடுகிறார். அதாவது, அந்தச் சிறுமி காவல்காரரிடம் கேட்ட செய்தி நூறாண்டுகளுக்கு முன்பே அச்சேறிய செய்தி!

சுடைல் அழகிய பெண்ணாக வருவாள். இளைஞர்களை மயக்கி அழைத்துச் செல்வாள். திரும்பி வரும்போது அவர்கள் கிழவர்களாகியிருப்பார்கள். அவள் முதலில் பிடிப்பது தன் புகுந்த வீட்டு ஆண்களைத்தான் என்றும் பல ஊர்களில் சொல்வார்கள். உயிருடன் இருந்தபோது அவளைக் கொடுமைப்படுத்தியவர்கள், கவனிக்காமல் விட்டவர்கள் மீது அவளுக்குத் தீராத வஞ்சம். இந்தச் செய்தியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் பயன்படும்.

அவள் திரும்பி வராமல் தடுக்க மக்கள் கையாண்ட முறைகளும் உண்டு. சில இடங்களில் உடலின் விரல்களில் ஆணி அடித்தார்கள். சில இடங்களில் வழி நெடுகக் கடுகு இறைத்தார்கள். அவள் கடுகைப் பொறுக்கி முடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடுமாம்.

மலாய் நாட்டுப் பொந்தியானாக்

இனிக் கடல் கடந்து செல்வோம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இந்தோனேசியாவிலும் 'பொந்தியானாக்' என்றால் தெரியாதவர் இல்லை. 1900ஆம் ஆண்டில் வால்டர் ஸ்கீட் என்பவர் மலாய் மந்திர நம்பிக்கைகளைப் பற்றி எழுதிய நூலில் இருவகைப் பேய்கள் கூறப்படுகின்றன. பிரசவத்தில் இறந்த தாய் 'லங்சுயர்'. செத்துப் பிறந்த குழந்தை 'பொந்தியானாக்'. காலப்போக்கில் இரண்டும் ஒன்றாகி, தாயையே பொந்தியானாக் என்று அழைக்கும் வழக்கம் ஏற்பட்டுவிட்டது.

இங்கும் தடுப்பு முறைகள் உண்டு. இறந்தவளின் வாயில் கண்ணாடி மணிகளை இடுவார்கள். அக்குளில் கோழி முட்டை வைப்பார்கள். உள்ளங்கையில் ஊசி வைப்பார்கள். வாய் திறந்து அலற முடியாது. முட்டை விழுந்துவிடும் என்பதால் கையைச் சிறகுபோல் விரித்துப் பறக்க முடியாது. வட இந்தியாவின் ஆணி இங்கே ஊசியாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஸ்கீட் கூறும் இன்னொரு செய்தி சுவையானது. லங்சுயரைப் பிடித்து, அவளுடைய நீண்ட நகங்களையும் கூந்தலையும் வெட்டி, கழுத்தின் பின்னால் உள்ள துளையில் அடைத்துவிட்டால் அவள் சாதாரணப் பெண்ணாகிவிடுவாளாம். மணம் செய்துகொண்டு, பிள்ளை பெற்று, பல ஆண்டுகள் குடும்பம் நடத்துவாளாம். ஆனால் ஊர்த் திருவிழாவில் அவளை ஆடவிட்டால் பழைய உருவம் பெற்றுக் காட்டுக்குப் பறந்துவிடுவாளாம்.

இந்தோனேசியாவின் மேற்குக் கலிமந்தானில் பொந்தியானாக் என்ற பெயரிலேயே ஒரு பெருநகரம் இருக்கிறது. 1771இல் அந்நகரை நிறுவிய சையத் அப்துர்ரஹ்மான், அங்கிருந்த பேய்களைப் பீரங்கியால் சுட்டு விரட்டினார் என்பது தலபுராணம். 1957இல் சிங்கப்பூரில் தயாரான 'பொந்தியானாக்' என்ற மலாய்த் திரைப்படம் பெரும் வெற்றி பெற்றது. அதை இயக்கிய பி. என். ராவ் இந்தியாவிலிருந்து சென்றவர் என்பது நாம் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி.

தாய்லாந்தின் நாக்

தாய்லாந்துக் கதையில் அச்சத்தைவிட அன்பே மிகுதி. பாங்காக்கின் பிரகனோங் பகுதியில் நாக் என்ற பெண் வாழ்ந்தாள். அவள் கருவுற்றிருந்தபோது கணவன் மாக் போருக்கு அழைக்கப்பட்டான். அவன் இல்லாத நேரத்தில் பிரசவத்தில் தாயும் சேயும் இறந்தனர். போரிலிருந்து திரும்பியவனை, எதுவும் நடக்காததுபோல் மனைவியும் குழந்தையும் வீட்டில் வரவேற்றார்கள். ஊரார் சொன்னதை அவன் நம்பவில்லை.

ஒரு நாள் நாக் சமைத்துக்கொண்டிருந்தாள். தாய்லாந்தின் பழைய வீடுகள் மரக்கால்களின் மேல் உயர்த்திக் கட்டப்பட்டவை. அவள் கையிலிருந்த எலுமிச்சம்பழம் தரைப் பலகை இடுக்கின் வழியே கீழே விழுந்தது. அவள் எழுந்து செல்லாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டினாள். கை நீண்டு கொண்டே சென்று மண்ணில் கிடந்த பழத்தை எடுத்தது. அதைக் கண்டபோதுதான் மாக்குக்கு உண்மை புரிந்தது. ஓடிப்போய்க் கோயிலில் தஞ்சம் புகுந்தான்.

பாங்காக்கில் உள்ள மகாபுத் கோயிலில் நாக்குக்கு ஒரு சன்னிதி உண்டு. மக்கள் அங்கே பெண்களுக்குரிய உடைகளையும், குழந்தைக்கு விளையாட்டுச் சாமான்களையும் காணிக்கையாக வைக்கிறார்கள். ராணுவத்துக்கு ஆளெடுக்கும் குலுக்கலில் தம் பெயர் வரக்கூடாது என்று இளைஞர்கள் வேண்டிக்கொள்கிறார்கள். கணவனைப் போருக்குப் பறிகொடுத்துத் தனியே இறந்தவளிடம் வைக்க வேறென்ன வேண்டுதல் பொருத்தமாக இருக்கும்? 1999இலும் 2013இலும் இக்கதை திரைப்படமாக வந்து அந்நாட்டில் பெரும் வசூலைக் கண்டது.

ஜப்பானின் உபுமே

ஜப்பானியர் இவளை 'உபுமே' என்பர். இடுப்புக்குக் கீழ் இரத்தம் தோய்ந்த ஆடையுடன், கையில் குழந்தையோடு, ஆற்றங்கரையில் அல்லது பாதை முனையில் நிற்பாள். வழிப்போக்கரிடம், "இக்குழந்தையைச் சற்று வைத்துக்கொள்ளுங்கள்" என்பாள். வாங்கியவர் கையில் குழந்தை கனத்துக் கொண்டே போகும். கடைசியில் பாறையாகக் கனக்கும். 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் 'கொன்ஜாக்கு' கதைத் தொகுதியிலேயே இவள் வருகிறாள். சுயேதாக்கே என்ற வீரன் இரவில் ஆற்றைக் கடக்கும்போது அவளிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, திருப்பித் தராமல் எடுத்துச் சென்றுவிடுகிறான். கரை சேர்ந்து பார்த்தால் கையில் இருந்தவை வெறும் இலைகள்.

ஜப்பானில் இன்னொரு கதையும் உண்டு. மிட்டாய்க் கடைக்கு இரவுதோறும் வெளிறிய முகமுடைய பெண் ஒருத்தி வந்து ஒரு காசுக்கு மிட்டாய் வாங்கிச் செல்கிறாள். ஆறு இரவுகள் காசு தருகிறாள். ஏழாம் இரவு காசு இல்லை. கடைக்காரர் பின்தொடர்ந்து சென்றால் அவள் ஒரு புதிய கல்லறை அருகே மறைகிறாள். உள்ளிருந்து குழந்தையின் அழுகுரல் கேட்கிறது. தோண்டிப் பார்த்தால், இறந்த தாயின் அருகே உயிருள்ள குழந்தை, கையில் மிட்டாய்! இறந்தவர் மறுவுலக ஆற்றைக் கடக்க ஆறு காசுகளை உடன் வைத்துப் புதைப்பது அந்நாட்டு வழக்கம். தன் கடைசிப் பயணத்துக்கான ஓடக்கூலியைப் பிள்ளையின் பசிக்குச் செலவிட்டாள் அந்தத் தாய். கியோட்டோ நகரில் இக்கதையின் பெயராலேயே மிட்டாய் விற்கும் பழைய கடை உண்டு.

மெக்சிகோவின் வீரப் பெண்கள்

இதுவரை கண்டவை ஆசிய நாடுகள். ஒன்றிடமிருந்து மற்றொன்று கதையை வாங்கியிருக்கலாம் என்று நேயர்கள் எண்ணக்கூடும். ஆனால் பெருங்கடலுக்கு அப்பால், ஐரோப்பியர் கால் வைப்பதற்கு முன்பே, மெக்சிகோவின் அஸ்டெக் மக்களிடமும் இவள் இருந்தாள். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியத் துறவி சகாகூன், அம்மக்களின் முதியோரிடம் கேட்டு அவர்கள் மொழியிலேயே இதனை எழுதி வைத்திருக்கிறார்.

அஸ்டெக் மக்களுக்குப் பிரசவம் ஒரு போர். குழந்தை பிறந்ததும் மருத்துவச்சி போர்முழக்கம் செய்வாள். தாய் ஒரு கைதியைச் சிறைபிடித்து வந்த வீராங்கனை. அப்போரில் இறந்தவள் போர்க்களத்தில் மாண்ட வீரனுக்குச் சமம். மாண்ட வீரர்கள் காலைச் சூரியனை உச்சிவரை அழைத்து வருவார்கள். உச்சியிலிருந்து மேற்கில் மறையும்வரை அழைத்துச் செல்பவர்கள் இந்தப் பெண்கள். அவளுடைய கூந்தலுக்கும் இடக்கை நடுவிரலுக்கும் வீரம் தரும் ஆற்றல் உண்டென்று இளம் வீரர்கள் அவற்றைக் கவர முயல்வார்கள். ஆகவே கணவனும் உறவினரும் நான்கு இரவுகள் உடலைக் காவல் காப்பார்கள்.

இத்தனை பெருமை இருந்தும் அச்சம் போகவில்லை. ஆண்டில் குறிப்பிட்ட சில நாட்களில் இப்பெண்கள் நாற்சந்திகளில் இறங்குவார்கள். குழந்தைகளுக்கு நோய் தருவார்கள். அந்நாட்களில் பெற்றோர் பிள்ளைகளை வெளியே விடமாட்டார்கள்.

ஒப்புநோக்கில் தெரிவது

இந்த ஐந்து கதைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, காரணம். பிரசவ மரணம் எல்லா நாட்டிலும் அடிக்கடி நிகழ்ந்தது. எல்லா நாட்டிலும் காரணம் புரியாமல் நிகழ்ந்தது. முதுமையில் வரும் சாவை மனிதன் ஒருவாறு ஏற்றுக்கொள்கிறான். நேற்றுவரை வளையல் அடுக்கி, நல்லுடலோடு இருந்த இளம்பெண், ஓர் இரவில் இறப்பதை ஏற்க முடிவதில்லை. முடியாத வாழ்க்கை எங்காவது தொடர வேண்டும் என்று மனம் எண்ணுகிறது.

இரண்டாவது, குற்ற உணர்வு. சுடைல் புகுந்த வீட்டைப் பழிவாங்குவாள் என்றோமல்லவா? தவறு செய்தோமோ என்று உள்ளுக்குள் அஞ்சும் வீட்டில்தான் அப்படிப்பட்ட பேய் பிறக்கும். அதே சமயம் இந்த அச்சம் ஒரு வேலையும் செய்தது. பட்டினி போட்டு வேலை வாங்கினால் செத்த பின் வந்து பிடிப்பாள் என்ற பயம், சில வீடுகளிலாவது கர்ப்பிணிக்கு ஒரு கவளம் சோறு கூடுதலாகக் கிடைக்கச் செய்திருக்கும்.

மூன்றாவது, வேறுபாடு. ஒரே துயரத்தை ஒவ்வொரு சமூகமும் ஒவ்வொரு விதமாக ஏற்றது. ஓரிடத்தில் அவள் விரலில் ஆணி அடித்தார்கள். ஓரிடத்தில் அவள் குழந்தைக்குப் பொம்மை வாங்கி வைத்தார்கள். ஓரிடத்தில் சூரியனுக்கே துணையாக அனுப்பினார்கள். ஆக, பேயாவது இறந்தவளின் தலைவிதி அன்று. இருப்பவர்கள் எடுக்கும் முடிவு.

வியன்னாவின் மணியோசை

பேய் என்று நம்பிய இடத்தில் உண்மையான காரணத்தைத் தேடிப் போன ஒருவரின் வரலாற்றையும் இங்கே சொல்ல வேண்டும். அவர் ஹங்கேரி நாட்டு மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ்.

1840களில் வியன்னா நகரப் பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயின்றனர். இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகள் பயின்றனர். முதல் பிரிவில் நூற்றுக்குச் சுமார் 10 தாய்மார்கள் பிரசவக் காய்ச்சலில் இறந்தனர். இரண்டாம் பிரிவில் சுமார் 4 பேர். இது ஊருக்கே தெரிந்திருந்தது. முதல் பிரிவில் சேர்க்க வேண்டாம் என்று பெண்கள் மண்டியிட்டுக் கெஞ்சினார்கள்.

காரணம் என்ன? பலரும் பலவிதமாகச் சொன்னார்கள். அவற்றுள் ஒன்று நம் கட்டுரைக்குப் பொருத்தமானது. முதல் பிரிவில் ஒரு பெண் சாகும் நிலையில் இருந்தால், அவளுக்கு இறுதிச் சடங்கு செய்ய வரும் பாதிரியார், உதவியாளர் மணியடித்து முன்செல்ல, மற்றப் பெண்கள் படுத்திருக்கும் அறைகளைக் கடந்துதான் போக வேண்டும். அந்த மணியோசை கேட்ட கிலியிலேயே பெண்கள் காய்ச்சல் கண்டு இறக்கிறார்கள் என்றனர் சிலர். செம்மல்வைஸ் இதைக் கேலி செய்து ஒதுக்கவில்லை, சோதித்துப் பார்த்தார். பாதிரியாரை மணியில்லாமல் வேறு வழியாக வரச் சொன்னார். சாவு குறையவில்லை. எனவே மணி காரணமன்று.

1847 மார்ச்சில் அவருடைய நண்பரான மருத்துவர் ஒருவர், பிணப் பரிசோதனையின்போது கத்தி பட்டுக் காயமுற்று இறந்தார். அவர் உடலில் தெரிந்த அறிகுறிகள், இறந்த தாய்மார்களிடம் கண்டவையே. செம்மல்வைஸுக்கு உண்மை விளங்கியது. மாணவர்கள் பிண அறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வருகிறார்கள். மருத்துவச்சிகள் பிணத்தைத் தொடுவதில்லை. தாயைக் கொன்றது எந்த ஆவியும் அன்று. மருத்துவரின் கழுவாத கை! மே மாத நடுவிலிருந்து குளோரின் கலந்த நீரில் கை கழுவிய பிறகே உள்ளே வரவேண்டும் என்று விதித்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த இறப்பு ஜூனில் 2 ஆகக் குறைந்தது. 1848இல் இரண்டு மாதங்களில் ஒரு தாய்கூட இறக்கவில்லை.

மருத்துவ உலகம் அவரை உடனே ஏற்கவில்லை. தாங்களே காரணம் என்பதை ஒப்புக்கொள்ளப் பலருக்கு மனம் வரவில்லை. அவர் 1865இல் மனநல விடுதியில், காயத்தில் சீழ் பிடித்து, 47ஆம் வயதில் இறந்தார். ஆணி அடிப்பதைவிடக் கை கழுவுவது எளிது. ஆனால் அதை ஏற்பது கடினம்.

திண்டிவனத்தில் ஓர் இரவு

நம் மண்ணிலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1890களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் ஓர் அமெரிக்க மருத்துவப் பணியாளரின் இளம் மகள், தந்தையுடன் தங்கியிருந்தாள். ஓர் இரவு ஒருவர்பின் ஒருவராக மூன்று ஆண்கள் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவர் வேறொரு உயர்சாதி இந்து. மூவரின் இளம் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். "என் தந்தை மருத்துவர், அவர் வருவார்" என்றாள் அவள். அந்நிய ஆண்மகன் தம் மனைவியைப் பார்க்கக் கூடாது என்று மூவரும் திரும்பிப் போய்விட்டார்கள். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தனர்.

அந்தப் பெண்ணின் பெயர் ஐடா ஸ்கடர். அமெரிக்கா சென்று 1899இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலுடன் மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை நிறுவினார். இன்று இந்தியாவெங்கிலுமிருந்து நோயாளிகள் தேடிச் செல்லும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி அதிலிருந்து வளர்ந்ததே. அந்த மூன்று பெண்களும் ஊரார் வாயில் பேயாகியிருக்கக் கூடும். ஐடாவின் மனத்தில் மருத்துவமனையானார்கள்.

சுமைதாங்கிக் கல்

இனி, வகுப்பில் பாட்டி சொன்ன நம் ஊருக்கு வருவோம். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்தவளைப் பற்றிய அச்சம் நம்மிடமும் இருந்தது. பிரசவ அறை வாசலில் வேப்பிலை செருகுவதும், இரும்புத் துண்டு வைப்பதும், கர்ப்பிணியை உச்சி வேளையில் வெளியே அனுப்பாததும் நம் வீடுகளில் உள்ளவையே. ஆனால் தமிழர் இத்துயரத்துக்கு வேறொரு விடையும் கண்டார்கள். அதுவே சுமைதாங்கிக் கல்.

இரண்டு கற்களை நட்டு, அவற்றின் மேல் ஒரு நீண்ட கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். ஏறக்குறைய மார்பு உயரம் இருக்கும். தலையில் விறகோ நெல்மூட்டையோ சுமந்து வருபவர், ஒருவர் துணையுமின்றிச் சுமையை அதன்மேல் இறக்கி வைத்து இளைப்பாறலாம். பிறகு தாமே தூக்கிக்கொண்டு போகலாம். வயிற்றுச் சுமையை இறக்காமலே இறந்த பெண்ணின் நினைவாக இக்கல்லை நடுவது வழக்கம். வழிப்போக்கர் ஒவ்வொருவரும் சுமையை இறக்கும்போது அவளுடைய சுமையும் இறங்குகிறது என்பது நம்பிக்கை. கேரளத்திலும் இத்தகைய சுமைதாங்கிகள் உண்டு.

இங்கே என் சொந்த அனுபவத்தைச் சொல்ல நேயர்கள் அனுமதிக்க வேண்டும். என் தாயாரின் தங்கை முதல் பிரசவத்தில் இரத்தப்போக்கு நிற்காமல் இறந்துபோனார். வண்டி கட்டி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. அப்போது நான் பிறக்கவில்லை. விடுமுறைக்குப் பாட்டி வீடு செல்லும்போதெல்லாம், "உச்சி வெயில்ல கிணத்தடிக்குப் போகாதே, சித்தி நிப்பா" என்று பயமுறுத்துவார்கள். என் சித்தியை நான் முதலில் பேயாகத்தான் அறிந்தேன். புகைப்படம்கூடப் பார்த்ததில்லை.

அதே ஊரின் எல்லையில், சந்தைக்குச் செல்லும் பாதையில் ஒரு சுமைதாங்கிக் கல் இருந்தது. அதன்மேல் ஏறி உட்கார்ந்து நாங்கள் மாங்காய் தின்றிருக்கிறோம். எனக்கு மணமாகி, வடக்கே வந்து, என் முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு சென்றபோதுதான் தாத்தா சொன்னார்: "அந்தக் கல்லு உன் சித்திக்கு நான் வச்சதும்மா." கிணற்றடியில் நிற்பவளும் பாதையோரத்தில் சுமை தாங்குபவளும் ஒருத்தியே என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பாட்டி அவளைப் பயமாக வைத்திருந்தார். தாத்தா கல்லாக வைத்திருந்தார். இருவரும் மறக்காமல் வைத்திருந்தார்கள்.

இன்றைய நிலை

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 2,60,000 பெண்கள் கர்ப்பத்திலும் பிரசவத்திலும் இறந்தனர். நாளொன்றுக்கு 700 பேருக்கு மேல். இந்தியாவில் 2004-06இல் ஒரு லட்சம் குழந்தைப் பிறப்புக்கு 254 தாய்மார்கள் இறந்தனர். 2018-20இல் அது 97 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் தமிழ்நாட்டில் 54, உத்தரப்பிரதேசத்தில் 167, அசாமில் 195. இச்சாவுகளில் பெரும்பகுதி தடுக்கக் கூடியவை.

பேய்க் கதை இங்கேதான் ஆபத்தாக மாறுகிறது. கர்ப்ப காலத்தில் இரத்த அழுத்தம் மிகுந்து வலிப்பு வந்தால் அது பேய் பிடித்தல் அன்று. உயிருக்கு ஆபத்தான நோய். பிரசவத்துக்குப் பின் ஒரு பெண் தூக்கமின்றித் தொடர்பில்லாமல் பேசினாலோ, குழந்தையைக் கண்டு அஞ்சினாலோ அதுவும் நோயே, மருந்தால் குணமாவது. மந்திரிப்பவரிடம் அழைத்துச் செல்லும் ஒவ்வொரு மணி நேரமும் மருத்துவமனைக்குச் சேர வேண்டிய நேரம். தாய்வீடு நெடுந்தொலைவில் இருக்க, புதிய ஊரில் முதல் பிள்ளை பெறும் நம் பெண்கள் பலருக்குப் பக்கத்துவீட்டார் சொல்வதே வேதவாக்கு. ஆகவே இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மற்றோர் ஆபத்தும் உண்டு. இறந்த பெண்ணைப் பற்றிய அச்சம் சில இடங்களில் உயிருள்ள பெண்மீது பாய்கிறது. சூனியக்காரி என்று முத்திரை குத்திப் பெண்களை அடித்துக் கொல்லும் கொடுமையைத் தடுக்கப் பீகாரில் 1999இலும் சத்தீஸ்கரில் 2005இலும் அசாமில் 2015இலும் தனிச் சட்டங்கள் இயற்ற வேண்டி வந்தது.

அப்படியானால் பிள்ளைகளுக்குப் பேய்க் கதையே சொல்லக் கூடாதா? சொல்லுங்கள், தமிழில் சொல்லுங்கள். ஆனால் கதையை முடித்த பிறகு, அந்தப் பேய் உயிரோடிருந்தபோது யார், அவள் எப்படி இறந்தாள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு நான் சுமைதாங்கிக் கல்லைக் கரும்பலகையில் வரைந்து காட்டியபோது, அந்தச் சிறுமி கேட்டது ஒன்றுதான்: "நம்ம பூங்கா மரத்துக்குக் கீழேயும் இந்த மாதிரி ஒண்ணு வைக்கலாமா டீச்சர்?"

இல்லத்தில் கலந்து பேசச் சில வினாக்கள்

1. உங்கள் பாட்டி அல்லது தாத்தா கேட்டு வளர்ந்த பேய்க் கதை எது? அந்தப் பேய் உயிருடன் இருந்தபோது யாராக இருந்தது?

2. சுடைல், பொந்தியானாக், நாக், உபுமே, அஸ்டெக் வீரப் பெண் ஆகிய ஐவருள் யாரிடம் உங்களுக்கு அச்சம் தோன்றுகிறது? யாரிடம் இரக்கம் தோன்றுகிறது? ஏன்?

3. மணியோசைதான் காரணம் என்ற பேச்சைச் செம்மல்வைஸ் எப்படிச் சோதித்தார்? நீங்கள் கேள்விப்பட்ட ஒரு வதந்தியை அதே முறையில் எவ்வாறு சோதிப்பீர்கள்?

4. அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது பாதையோரத்தில் சுமைதாங்கிக் கல் உள்ளதா என்று பாருங்கள். அது யார் நினைவாக வைக்கப்பட்டது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வாருங்கள்.